திருப்பிப் பார்த்து வாங்குங்கள்: காவிரி டெல்டாவில் பழைய விளக்கும் மரச்சாமானும் சேகரிக்க முழுமையான வழிகாட்டி

பழம்பொருள் என்றதும் நேரே சோழர் காலத்துக்குப் போய்விடுவது தஞ்சைக்காரர்களின் வழக்கம். ஆயிரம் ஆண்டுக் கோபுரத்தின் நிழலில் வளர்ந்தவர்களுக்கு அறுபது வருஷத்து நாற்காலி பழையதாகவே தோன்றாது. அதனால்தான் 1940-க்கும் 1970-க்கும் இடையில் செய்த சாய்வு நாற்காலிகளும் கண்ணாடி பீரோக்களும் குத்துவிளக்குகளும் கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கத்துத் தெருக்களிலிருந்து காயலான் கடைக்கும் விறகுக் கடைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. இந்த வழிகாட்டி அந்த முப்பது ஆண்டுச் சாமான்களைப் பற்றியது. இதில் ஒரே ஒரு விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: எதையும் முன்பக்கம் பார்த்து வாங்காதீர்கள். முன்பக்கம் விற்பவருடையது. பின்பக்கமும் அடிப்பக்கமும்தான் பொருளின் சொந்த வாக்குமூலம்.

படி 1: எந்தக் காலம் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

டெல்டாவின் வீட்டுச் சாமானைப் புரிந்துகொள்ள நாலைந்து ஆண்டுகளை மனத்தில் வைத்தால் போதும். மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. அங்கே மின் உற்பத்தி 1937-இல் தொடங்கியது. நகரங்கள் முதலில் ஒளிபெற்றன. பெரும்பாலான கிராமங்களுக்குக் கம்பி வந்துசேர ஐம்பதுகள், அறுபதுகள் ஆயின. ஆகவே ஒரு கிராமத்து வீட்டில் 1950 வாக்கில் மின்சார மேஜை விளக்கு இருந்தது என்று யாராவது கதை சொன்னால், அந்த வீட்டுக்கு எப்போது மின் இணைப்பு வந்தது என்று கேளுங்கள். அதே வீட்டில் அரிக்கேன் விளக்கும் கல்யாணத்துக்கு எடுக்கும் காஸ் லைட்டும் இருந்தன என்றால் நம்பலாம்.

மரத்துக்கு முக்கியமான ஆண்டு 1942. அந்த ஆண்டு பர்மாவை ஜப்பான் பிடித்ததும் கப்பலில் வந்த பர்மாத் தேக்கு நின்றுபோனது. அதற்குப் பிறகு நாட்டுத் தேக்கு, மலபார் தேக்கு, ஊரிலேயே வளர்ந்த பூவரசு, வேம்பு, பலா ஆகியவற்றில்தான் ஆசாரிகள் பெரும்பாலும் வேலை செய்தார்கள். "1955-இல் செய்த பர்மாத் தேக்குக் கட்டில்" என்பது நடக்காத காரியம் அல்ல. இடித்த வீட்டின் உத்தரத்தை அறுத்துச் செய்திருக்கலாம். ஆனால் விசாரிக்காமல் நம்ப வேண்டியதும் அல்ல.

சாமான் வெளியே வரத் தொடங்கியதற்கும் காரணம் உண்டு. 1952-இல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1961-இல் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வந்து 1970-இல் 15 ஆகக் குறைந்த நில உச்சவரம்பு, அக்கிரகாரத்துப் பிள்ளைகள் பம்பாய்க்கும் டெல்லிக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் போனது எல்லாம் சேர்ந்து பெரிய வீடுகளைக் காலி செய்தன. நிலம் போன வீட்டில் நெல் கொட்டும் பத்தாயத்துக்கு வேலை இல்லை. ஆள் போன வீட்டில் ஊஞ்சலுக்கு வேலை இல்லை.

இந்தக் காலத்து நல்ல வடிவமைப்பு என்றால் ஐரோப்பிய நாற்காலிகள்தாம் என்று நினைக்க வேண்டாம். இந்திய அரசு அழைத்து வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் - ரே ஈம்ஸ் தம்பதி 1958-இல் கொடுத்த அறிக்கையில் வியந்து எழுதியது நம் வீட்டுச் சொம்பைப் பற்றித்தான். கும்பகோணத்துப் பித்தளைச் சொம்பு கையில் இருக்கும்போது சண்டிகர் நாற்காலியின் நகலைத் தேடி அலைவானேன்? சண்டிகருக்காகக் கட்டடக் கலைஞர் பியர் ஜன்னரே வடிவமைத்த தேக்கு - பிரம்பு நாற்காலிகள் வெளிநாட்டு ஏலங்களில் பெரும் விலைக்குப் போவது உண்மை. அதனாலேயே நகல்களும் மலிந்துவிட்டன. ஆரம்பக்காரர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது பர்சுக்கு நல்லது.

படி 2: வாங்கக் கூடாதவற்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இதைக் கடைசியில் வைப்பார்கள். டெல்டாவில் இதுதான் முதலில் வர வேண்டும், ஏனென்றால் இங்கே மண்ணைத் தோண்டினாலே வெண்கலம் வரும். திருவாரூர் பக்கம் பத்தூரில் 1976-இல் ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் தட்டுப்பட்ட நடராஜர் லண்டன் வரை போய், வழக்கு நடந்து, 1991-இல்தான் திரும்பி வந்தார்.

1972-ஆம் ஆண்டின் பழம்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள் தொல்பொருள்; கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டு. சிற்பம், ஓவியம் போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. நீங்கள் தேடுவது அறுபது எழுபது வருஷத்துச் சாமான்தான், அதனால் இந்தச் சட்டம் தொடாது. ஆனால் பீரோவோடு சேர்த்து, "இதையும் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, பூஜை அறையில் கிடந்தது" என்று ஒரு சிறிய உலோகச் சிலையை நீட்டினால் கை நீட்டாதீர்கள். சிலைத் திருட்டு வழக்குகளுக்கு நீதிமன்றம் கும்பகோணத்திலேயே இருக்கிறது. பக்கத்து ஊர்தான் என்று அலைய ஆசைப்படாதீர்கள்.

இன்னொரு சொல்லை எங்கே பார்த்தாலும் நில்லுங்கள்: "உபயம்". விளக்கின் பீடத்திலோ மணியிலோ தாம்பாளத்திலோ இன்னார் உபயம் என்று வெட்டியிருந்தால் அது கோயிலுக்குக் கொடுத்தது. கோயில் சொத்து எந்த வழியாக வெளியே வந்திருந்தாலும் உங்களுக்கு ஆகாது. தேர்ச் சிற்பம், வாகனத்தின் மரத் துண்டு இவற்றுக்கும் இதே கதிதான்.

தந்தம் பதித்த பெட்டி, மான் கொம்பு மாட்டிய தொப்பித் தாங்கி போன்றவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். கொம்பைக் கழற்றிவிட்டுத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். கழற்றிய கொம்பு எங்கே போகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

படி 3: எங்கே, எப்போது தேடுவது

கடைகளை விட வீடுகள் நல்லது. வீடுகளுக்கு வழி காட்டுபவர்கள் மூன்று பேர்: பழைய வீடுகளை இடித்து மரத்தை எடுப்பவர், ஊர் ஆசாரி, பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர். மூவரில் ஆசாரிதான் சிறந்தவர். எந்த வீட்டுக் கட்டிலுக்குத் தன் அப்பா கால் போட்டார் என்பது வரை அவருக்குத் தெரியும். கூலி கொடுத்து ஒரு நாள் அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரர் பேச்சின் சுருதி உடனே இறங்கிவிடும்.

கடை என்றால் ஊர் ஊராக இருக்கும் பழைய மரச்சாமான் கடைகளும் காயலான் கடைகளும். டெல்டாச் சாமான் பெருமளவு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறது. அங்கே போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அது "செட்டிநாட்டுச் சாமான்" ஆகிவிடும், விலையும் ஏறிவிடும். கண் பழகுவதற்கு அங்கே போய் வாருங்கள். வாங்குவதற்கு ஊருக்குத் திரும்பி வாருங்கள்.

காலமும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீட்டைக் காலி செய்ய மாட்டார்கள். தை அறுப்பு முடிந்து மாசி, பங்குனியில்தான் வீடு இடிக்கும் பேச்சு வரும். சித்திரை, வைகாசியில் வெளியூர்ப் பிள்ளைகள் கோயில் திருவிழாவுக்கு வந்து, கையோடு வீட்டை முடித்துவிட்டுப் போவார்கள். விளக்கு கேட்பதானால் செவ்வாய், வெள்ளி வேண்டாம்; விளக்கு வைக்கும் நேரத்திலும் வேண்டாம். தர மனமிருக்கும் பாட்டியும் அன்று தரமாட்டார். கேட்டவரைப் பற்றிய எண்ணமும் கெட்டுவிடும்.

படி 4: வயதைக் கண்டுபிடிப்பது

விற்பவர் சொல்லும் வயதில் ஒரு தலைமுறையைக் கழித்துக்கொள்வது என் வழக்கம். மிச்சத்தைப் பொருளிடமே கேட்கலாம்.

எழுத்து இருந்தால் பாதி வேலை முடிந்தது. நம் ஊரில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டுவார்கள். அடிப்பக்கத்திலோ விளிம்பிலோ தலையெழுத்தும், சில சமயம் கல்யாணத் தேதியும், புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். சுண்ணாம்புத் தூளை விரலால் தேய்த்துவிட்டுச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் மங்கிய எழுத்தும் தெரியும். தமிழ் எழுத்தின் வடிவத்தையும் பாருங்கள். லை, னை, ளை ஆகியவற்றில் முன்னால் துதிக்கை சுழித்த பழைய வடிவம் இருந்தால் அது பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது.

சென்னைக் கடையின் சீட்டு ஒட்டியிருக்கிறதா? முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. "மெட்ராஸ்-2" என்று ஒற்றை எண்ணோடு நின்றால் பெரும்பாலும் அதற்கு முன். மாநிலத்தின் பெயர் மெட்ராஸ் என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முன். விலை அணாவில் இருந்தால் 1957-க்கு முன். நயா பைசாவில் இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். இது கிடைத்தால் அதிர்ஷ்டம், ஏனென்றால் இதைவிடக் குறுகிய காலத்தைக் காட்டும் அடையாளம் அரிது. விளக்கில் மேற்கு ஜெர்மனி என்று பொறித்திருந்தால் போருக்குப் பிந்தியது. வெறும் ஜெர்மனி என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தியது.

எழுத்தே இல்லாத மரச்சாமானில் திருகாணியைப் பாருங்கள். ஒற்றைக் கோடு போட்ட மைனஸ் தலையாக இருக்க வேண்டும். பிளஸ் தலை இருந்தால் பிறகு பழுதுபார்த்தது, அல்லது முழுக்கவே புதியது. இழுப்பறையை வெளியே எடுத்து அடிப்பலகையைத் தடவுங்கள். கைரம்பத்தால் அறுத்த பலகையில் கோடுகள் நேராகவும் ஒழுங்கில்லாமலும் ஓடும். மில்லின் வட்ட ரம்பத்தில் அறுத்தது பிறை பிறையாக வளைந்திருக்கும். முன்முகம் வழுவழுப்பாகவும் அடிப்பலகை சொரசொரப்பாகவும் இருப்பது நல்ல அடையாளம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்தக் காலத்து ஆசாரி இழைப்புளியை வீணாக்கவில்லை.

படி 5: மரம் பார்ப்பது

நான்கு மரங்களை அடையாளம் காணத் தெரிந்தால் டெல்டாவில் பிழைத்துக்கொள்ளலாம்: தேக்கு, ஈட்டி, பூவரசு, பலா.

தேக்கில் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் தோல் வாசனைக்குப் பக்கத்தில் ஒரு மணம் வரும், விரலில் எண்ணெய்ப் பசை தெரியும். பர்மாத் தேக்கில் ரேகை நேராக, பொன்னிறமாக, முடிச்சு இல்லாமல் நீளும். நாட்டுத் தேக்கில் கரும்ரேகையும் வளைவும் முடிச்சும் இருக்கும். எடையும் உதவும். ஒரு கன அடித் தேக்கு சுமார் 18 கிலோ. ஈட்டி 24 கிலோ அளவுக்கு வரும். ஈட்டி என்று சொன்ன நாற்காலியை ஒரு கையால் தூக்க முடிந்தால், அது பெரும்பாலும் சாயம் ஏற்றிய வேறு மரம்.

அந்த வேறு மரம் பல சமயம் பூவரசாக இருக்கும். வைரம் பாய்ந்த பூவரசு கருஞ்சிவப்பில் ஈட்டியைப் போலவே மினுக்கும். ஏமாற்று என்று தள்ளிவிடாதீர்கள். ஈட்டி விலை கொடுக்காமல் இருந்தால் போதும். வாய்க்கால் கரையில் வளர்ந்த மரத்தை ஊர் ஆசாரி அறுத்துச் செய்த பூவரசுச் சாய்வு நாற்காலியை நான் பர்மாத் தேக்குக் கட்டிலுக்கு மேலாகவே மதிப்பேன். கட்டில் எந்த ஊரிலும் கிடைக்கும். இது இந்த மண்ணின் சரக்கு.

சாய்வு நாற்காலியை எப்படிச் சோதிப்பது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் டெல்டாவில் அதிகம் கிடைப்பதும் அதிகம் கெடுத்து வைத்திருப்பதும் இதுதான். முதலில் உட்காராதீர்கள். தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். பின் கால் சட்டத்தோடு சேரும் இடத்தில் கழுந்து, அதாவது செருகும் மர முனை, துளைக்குள் இறுகி நிற்கிறதா, மர ஆணி பழையதா என்று பாருங்கள். இரும்புப் பட்டையோ கம்பியோ சுற்றியிருந்தால் கழுந்து ஒடிந்திருக்கிறது. நீளக் கைப்பிடியை நீட்டி மடக்குங்கள். சுழலும் இடத்தில் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் மரத்துண்டு வைத்து அடைத்து மறுபடி துளையிட வேண்டும். துணி மாட்டும் வகையானால் மேல் உருளைக் கம்பு நடுவில் வளைந்திருக்கிறதா பாருங்கள். பின்னால் சாய்வைக் கூட்டிக் குறைக்கும் பற்கள் எல்லாம் இருக்க வேண்டும். பற்களில் ஒன்று மட்டும் மிகத் தேய்ந்திருக்கும். வீட்டுப் பெரியவர் சாய்ந்த அளவு அதுதான். கைப்பிடியின் முனையில் மெருகு போய் மரம் வழவழத்திருக்கும். அந்த வழவழப்பு ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால் உண்மையான தேய்மானம். இரு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல் தேய்ந்திருந்தால் உப்புத்தாள் செய்த வேலை.

பிரம்பு பின்னிய இருக்கை கிழிந்திருந்தால் விலை பேச நல்ல காரணம், ஒதுக்கக் காரணமல்ல. சட்டத்தில் துளைகள் முழுதாக இருந்தால் சீர்காழிக்கு வடக்கே கொள்ளிடம் பக்கத்துத் தைக்காலில் பிரம்பு வேலை செய்பவர்களிடம் பின்னிக்கொள்ளலாம். தொய்ந்த பிரம்புக்கு அடிப்பக்கத்தில் ஈரத்துணி போட்டு நனைத்து, நிழலில் காயவிட்டாலே ஓரளவு இறுகிவிடும்.

பூச்சியைப் பாருங்கள். துளை இருப்பது தவறில்லை. துளைக்குக் கீழே மாவு போல வெளுத்த தூள் புதிதாக விழுந்திருந்தால் உள்ளே ஆள் குடியிருக்கிறது. தேக்கில் வைரப் பகுதியைப் பூச்சி பெரும்பாலும் தொடாது, வெளுத்த ஓரப் பகுதியைத்தான் தின்னும். கரையான் தின்ற கால் வெளியே முழுதாகவே தெரியும்; விரலால் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும்.

ஊஞ்சலில் பலகையை விடச் சங்கிலிதான் ஆபத்து. கண்ணிகளில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் பித்தளை முலாம் பூசிய இரும்பு. கொக்கி மாட்டும் வளையம் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு பீரோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூட்டும் சாவியும் அசலாக இருந்து, அடித்தட்டு துருப்பிடிக்காமல் இருந்தால் வாங்கலாம். மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

படி 6: விளக்குகள்

குத்துவிளக்கு என்றால் கும்பகோணத்திலிருந்து திருவாரூர் சாலையில் இருக்கும் நாச்சியார்கோவில்தான். காவிரிப் படுகையின் வண்டல் மண்ணில் அச்சு எடுத்து வார்க்கும் இந்த விளக்குகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பழையது வாங்கப் போகும் முன் அங்கே ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து, வார்ப்பதையும் கடைவதையும் பார்த்துவிடுங்கள். புதியது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் பழையது தெரியும்.

விளக்கைக் கையில் எடுத்ததும் உச்சியிலிருக்கும் அன்னத்தைப் பார்க்காதீர்கள். கவிழ்த்துப் பீடத்தின் உட்புறத்தைப் பாருங்கள். கடைசலின் வளையக் கோடுகள் தெரிய வேண்டும். உள்ளே சிமெண்டோ வேறு எதாவதோ அடைத்திருந்தால் எடைக்கு வைத்த ஏமாற்று, ஏனென்றால் விளக்கு கிலோக் கணக்கில்தான் விலைபோகும். பிறகு ஒவ்வொரு பாகமாகத் திருகிக் கழற்றுங்கள். பல வருஷம் எரிந்த விளக்கின் திருகுப் பற்களில் எண்ணெய் கெட்டித்துப் பிசின் போல ஒட்டியிருக்கும். இதைப் போலியாகச் செய்ய யாருக்கும் பொறுமை கிடையாது. தண்டும் பீடமும் ஒரே நிறமா? அகல் மட்டும் மஞ்சள் கூடித் தெரிந்தால் வேறு விளக்கிலிருந்து மாட்டியது. வாரம் தோறும் புளி போட்டுத் தேய்த்த விளக்கில் விளிம்புகளும் அன்னத்தின் மூக்கும் மழுங்கியிருக்கும், இடுக்குகள் மட்டும் கறுத்திருக்கும். அமிலத்தில் முக்கிப் பழையதாக்கியதில் மேடு பள்ளம் எல்லாம் ஒரே பச்சை.

மண்ணெண்ணெய் விளக்குகளில் அரிக்கேனும் காஸ் லைட்டும் முக்கியம். அரிக்கேனில் அசல் கண்ணாடி, தூக்குக் கம்பி, திரி ஏற்றும் சக்கரம் மூன்றும் இருக்க வேண்டும். ஜெர்மனியின் ஃபாயர்ஹாண்ட், அமெரிக்காவின் டீட்ஸ், மகாராஷ்டிரத்து ஓகலே கண்ணாடி ஆலையின் பிரபாகர் ஆகிய பெயர்கள் தொட்டியிலோ கண்ணாடியிலோ பொறித்திருக்கும். தொட்டியில் ஒரு பெயரும் கண்ணாடியில் இன்னொன்றும் இருந்தால் கண்ணாடி உடைந்து மாற்றியது. அது சகஜம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிப் போன காஸ் லைட்டில் பெட்ரோமாக்ஸ் பெர்லினின் எஹ்ரிச் - கிரெட்ஸ் கம்பெனி செய்தது. பெயரின் பின்பாதி மாக்ஸ் கிரெட்ஸின் பெயர். வாங்கியதும் தொட்டியைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, பம்பு அடித்துக் குமிழி வருகிறதா பாருங்கள். பம்பின் தோல் வாஷர் காய்ந்திருந்தால் தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைக்கலாம். பழைய மேண்டில்களில், அதாவது ஒளிவிடும் வலைப் பைகளில், தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு. எரிந்த மேண்டிலின் சாம்பலை ஊதாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். எரியவைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் திறந்த முற்றத்தில், பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்க.

மின் விளக்குகளில் பால் வெள்ளைக் கண்ணாடிக் கூடு, பித்தளைக் கழுத்து, பேக்கலைட் சுவிட்ச் போட்ட மேஜை விளக்குகள் நகரத்து வீடுகளிலிருந்து வரும். விளக்கை வாங்குங்கள், ஒயரை வாங்கியதாக நினைக்காதீர்கள். துணி சுற்றிய பழைய ரப்பர் ஒயர் தொட்டால் உதிரும். எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து உள் ஒயர் முழுவதையும் மாற்றி, உலோக உடலுக்கு எர்த் கொடுத்து, மூன்று முள் பிளக் போட்ட பிறகே மின்சாரம். கூடு சூட்டில் விரிசல் விடாமலிருக்க மஞ்சள் ஒளி எல்.இ.டி. பல்பு போதும்.

படி 7: சுவரில் மாட்டுபவை

தஞ்சாவூர்க் கலைத்தட்டில் பித்தளை அடித்தட்டின் மேல் வெள்ளியும் செம்பும் புடைத்து நிற்கும். அந்தக் காலத்தில் இது பிரிவுபசாரப் பரிசு, ஆகவே பின்பக்கத்தில் பெயரும் தேதியும் பொறித்திருக்க வாய்ப்பு அதிகம். கையால் தட்டியதில் இரண்டு பூக்கள் ஒன்றுபோல் இருக்காது. எல்லாப் பூவும் இரட்டைப் பிள்ளைகளாக இருந்தால் அச்சில் அடித்தது.

தஞ்சாவூர் ஓவியத்தில் சரிகைக் கனம் பார்த்து மயங்காமல் பின்பலகையைப் பாருங்கள். பலாப் பலகையா, பிளைவுட்டா? பொன் தாள் கறுக்காது. மட்டத் தாள் ஓரங்களில் கறுத்துப் பச்சை ஏறும். முகத்தில் மட்டும் வண்ணம் புதிதாக இருந்தால் பிற்காலத்தில் "புதுப்பித்தது". மதிப்பு பாதி போயிற்று.

கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது காலண்டர் படங்கள். கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான சாமி படங்கள் டெல்டாவின் ஒவ்வொரு கூடத்திலும் தொங்கின. அடியில் ஜவுளிக் கடை, உரக்கடை பெயரும் ஆண்டும் இருந்தால் அதை வெட்டி எடுக்காதீர்கள். அந்தத் துண்டுதான் படத்தின் பிறப்புச் சான்றிதழ். ரவிவர்மா அச்சகத்துப் படம் என்று ஒன்றைக் காட்டினால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பழைய கல்லச்சில் புள்ளிகள் மணலைத் தூவியது போலத் தாறுமாறாக இருக்கும். இன்றைய மறுபதிப்பில் வரிசை தப்பாது.

படி 8: விலை

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தரை விலை உண்டு. அதைக் கணக்குப் போட்டுக்கொண்டு பேசப் போங்கள். பித்தளைக்கு அன்றைய பழைய பித்தளை விலையை எடையால் பெருக்குங்கள். மரத்துக்குக் கன அடி. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குலக் கனமுள்ள ஊஞ்சல் பலகை 2 கன அடி. உங்கள் ஊரில் இடித்த வீட்டுத் தேக்கு கன அடி என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து இரண்டால் பெருக்கினால், விற்பவர் அதை மரமாக விற்றாலே கிடைக்கும் தொகை வரும். அதற்குக் கீழே கேட்பது அநியாயம். அதற்கு மேலே கொடுப்பதெல்லாம் வேலைப்பாட்டுக்கும் நிலைமைக்கும் கதைக்கும். கதைக்கு எழுத்துச் சான்று இல்லாவிட்டால் காசு கிடையாது.

தனியாக இருக்கும் பெரியவர்களிடம் வாங்கும்போது இந்தத் தரை விலையை நீங்களே சொல்லிவிடுங்கள். "இடம் காலியானால் போதும், எடுத்துக்கொண்டு போ தம்பி" என்பார்கள். எடுத்துக்கொண்டு வந்தால் அடுத்த வாரம் அவருடைய மகன் போன் செய்வார். விலையையும் பொருளின் விவரத்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால் யாருக்கும் தொல்லை இல்லை. எந்த வீட்டிலிருந்து, யார் செய்தது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்பதையும் அப்போதே கேட்டு அந்தத் தாளில் எழுதிவிடுங்கள். அடுத்த தலைமுறைக்கு அது தெரியாது.

படி 9: பழுதும் பராமரிப்பும்

வீட்டுக்கு வந்த மரச்சாமானை நேரே கூடத்தில் வைக்காதீர்கள். சில வாரம் தனியாக, கீழே கறுப்புத் துணி விரித்து வையுங்கள். புதுத் தூள் விழுந்தால் துணியில் தெரியும். விழுந்தால் ஒவ்வொரு துளையிலும் ஊசி வழியாக மரப்பூச்சி மருந்து செலுத்தி, பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டிவிட வேண்டும்.

பாலிஷ்காரர் வந்தவுடன், "எல்லாவற்றையும் சுரண்டிப் புத்தம் புதுசாக்கிவிடுகிறேன் சார்" என்பார். விடாதீர்கள். அந்தக் காலத்து மெருகு அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்த்தது. அழுக்கை மட்டும் எடுத்து, அதே அரக்கு மெருகை மேலே இரண்டு மூன்று முறை ஏற்றினால் போதும். மெஷினால் தேய்த்துப் பளபள லாக்கர் அடித்தால் எழுபது வருஷத்துத் தேய்மானமும் கைப்பட்ட நிறமும் ஒரே பகலில் போய்விடும். ஒடிந்த கழுந்துக்கு அதே மரத்தில் புதுக் கழுந்து. ஆணி அடிக்க விடாதீர்கள். பித்தளையைப் புளியால் தேய்ப்பது தினம் ஏற்றும் விளக்குக்குச் சரி. காட்சிக்கு வைப்பதைக் காய்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

படங்களுக்கு வெயிலும் ராமபாணப் பூச்சியும் எமன். ஹார்டுபோர்டில் பசை போட்டு ஒட்டாதீர்கள். அமிலமில்லாத அட்டையில் மூலைகளில் மட்டும் நிறுத்திச் சட்டம் போடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது.

டெல்டாவில் மரத்தின் நிஜமான எதிரி ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் எல்லாச் சாமானையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். கால்களுக்கு அடியில் கல்லோ ரப்பர் துண்டோ வையுங்கள்; பின்னால் காற்றுப் போக வேண்டும். ஈரக் காற்றில் மரம் ஊதி இழுப்பறை திறக்க மறுக்கும். ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிடாதீர்கள். இழைத்தால் கோடையில் இழுப்பறை லொடலொடவென்று ஆடும். தையில் வெயில் ஏறியதும் தானே விட்டுக்கொடுக்கும். அப்போதும் பிடித்தால் ஓடும் விளிம்பில் மெழுகுவர்த்தியை நாலு இழுப்பு தேயுங்கள்.